மூன்றாவது புள்ளி எங்கிருந்து வரும்?

2022 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக அணி டேபிள் டென்னிஸ் போட்டியில் இந்திய ஆண்கள் அணி ஜெர்மனியை 3-1 என்று வென்றது. சென்னைக்காரர் ஜி. சத்தியன் அன்று இரண்டு ஆட்டம் ஜெயித்தார். இரண்டிலும் முதல் இரண்டு கேமைப் பறிகொடுத்துவிட்டு, அப்புறம் வரிசையாக மூன்று கேம் எடுத்து ஜெயித்தார். அவர் வீழ்த்தியவர்களில் ஒருவர் டாங் சியு, அந்த ஆண்டின் ஐரோப்பிய சாம்பியன். அதனால் பேச்செல்லாம் சத்தியனைச் சுற்றியே இருந்தது. அது நியாயம்தான்.

ஆனால் அந்த ஸ்கோரில், ஜெயித்த ஆட்டத்துக்கு ஒன்று என்று, மூன்று புள்ளி இருக்கிறது. சத்தியன் எடுத்தது இரண்டு. மிச்சம் ஒன்றை எடுத்தவர் சூரத்திலிருந்து வந்த மானவ் தக்கர். மூன்றாவது ஆட்டத்தில் அவர் ரிக்கார்டோ வால்தரை வென்றார். அந்த ஒன்று வராமல் போயிருந்தால், சத்தியன் இரண்டு ஜெயித்தும் கணக்கு 2-2 என்று நின்று, ஐந்தாவது ஆட்டத்தில் ஹர்மீத் தேசாய் பெனடிக்ட் டூடாவை எதிர்த்து இறங்க வேண்டி வந்திருக்கும். அப்போது எதுவும் நடந்திருக்கலாம்.

அணிப் போட்டியைப் பற்றி எனக்கு இருக்கிற அபிப்பிராயம் இதுதான்: நட்சத்திர ஆட்டக்காரர் இரண்டு புள்ளியைக் கொடுத்துவிடுவார், மூன்றாவது புள்ளி எங்கிருந்து வரும் என்பதில்தான் கோப்பை இருக்கிறது. உலக அளவில் அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், சேலம் மாதிரி ஊரில் நாம் பையன்களை எப்படி ஆடவைக்கிறோம் என்பதைப் பற்றியும் சில கேள்விகள் வரும்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே வழக்கமாக ஆடுகிறவர்களுக்கே இது குழம்புகிறது. அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் மாலையில் டி.டி. ஆடிவிட்டு டீக்கடையில் ஃபோனில் மேட்ச் பார்க்கிற பையன்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சத்தியன் அண்ணன்தான் ஃபார்ம்ல இருக்காரே, அஞ்சாவதுக்கும் அவரையே விட்டா என்னங்ண்ணா?" விட முடியாது. யார் எப்போது யாரோடு ஆடுவார் என்பது மேட்ச் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்தாயிற்று.

ஒரு அணிக்கு ஐந்து பேர் வரை பெயர் கொடுக்கலாம். ஒரு மேட்சில் ஆடுவது மூன்று பேர். டாஸ் போட்டு ஒரு அணி ஏ, பி, சி என்ற பக்கத்தையும் இன்னொரு அணி எக்ஸ், ஒய், இசட் என்ற பக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். எந்த எழுத்துக்கு யார் என்பதை இரண்டு கேப்டன்களும் தனித்தனியே, மற்றவருக்குத் தெரியாமல் எழுதித் தர வேண்டும். முதல் ஆட்டம் ஏ-எக்ஸ், இரண்டாவது பி-ஒய், மூன்றாவது சி-இசட், நான்காவது ஏ-ஒய், ஐந்தாவது பி-எக்ஸ். ஒவ்வொரு ஆட்டமும் அதிகபட்சம் ஐந்து கேம், ஒரு கேமுக்கு 11 புள்ளி. முதலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கும் அணிக்கு வெற்றி, மேட்ச் அங்கேயே முடிந்துவிடும்.

இதில் ஏ, பி இருவருக்கும் இரண்டிரண்டு ஆட்டம். சி-க்கு ஒன்று. எதிர்ப்பக்கமும் அப்படியே. சி எப்போதும் இசட்டை மட்டுமே பார்ப்பார், வேறு யாரிடமும் மாட்ட மாட்டார். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஐந்தாவது ஆட்டம் வரை மேட்ச் போகாவிட்டால், பி-யும் எக்ஸும் தங்கள் இரண்டாவது ஆட்டத்தை ஆடவே மாட்டார்கள். ஆகவே தன் சிறந்த ஆட்டக்காரர் நிச்சயம் இரண்டு முறை இறங்க வேண்டும் என்று நினைக்கிற கேப்டன் அவரை ஏ அல்லது ஒய் இடத்தில் வைக்கப் பார்ப்பார். ஏ ஒன்றிலும் நான்கிலும் ஆடுவார், ஒய் இரண்டிலும் நான்கிலும்.

செங்டுவில் இந்தியா ஏ, பி, சி பக்கம். சத்தியன் ஏ, ஹர்மீத் பி, மானவ் சி. ஜெர்மனி டாங் சியுவை ஒய் இடத்தில் வைத்தது. டாங் சியு ஹர்மீத்தை வென்றார், சத்தியன் டூடாவை வென்றார், கணக்கு 1-1. அந்த நிலையில் மேசைக்கு வருகிற மூன்றாவது ஆட்டக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் ஜெயித்தால் அடுத்து வரும் சத்தியன் மேட்சை முடிக்கலாம். தோற்றால் அதே சத்தியன் மேட்சைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு நிலையிலும் சத்தியன் ஆடுவது ஒரே ஆட்டம்தான், ஆனால் 2-1 என்று முன்னால் இருக்கும்போது 0-2 கேமிலிருந்து மீண்டு வருவதற்கும், 1-2 என்று பின்தங்கி இருக்கும்போது மீண்டு வருவதற்கும் மனசில் எவ்வளவோ வித்தியாசம். சத்தியனுடைய அந்த மீட்சியில் மானவுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஜெர்மனியின் மூத்த ஆட்டக்காரர்களான டிமோ போல், டிமிட்ரி ஓவ்சரோவ் இருவரும் அப்போது அணியில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் அதே ஜெர்மனிதான் அந்தப் போட்டியில் இறுதி வரை போய் வெள்ளி வாங்கியது. அப்படிப் பார்த்தால் இந்தியா வென்றது லேசான அணியை அல்ல.

அதே செங்டுவில் அரையிறுதி இன்னும் தெளிவான பாடம். சீனாவும் ஜப்பானும். ஜப்பானின் ஹரிமோட்டோ டொமோகாசுவுக்கு அப்போது 19 வயது. அவர் ஒய் இடத்தில் இறங்கி இரண்டாவது ஆட்டத்தில் வாங் சுசினையும், நான்காவது ஆட்டத்தில் அப்போதைய உலக முதல்நிலை ஆட்டக்காரர் ஃபான் சென்டோங்கையும் வீழ்த்தினார். சீனாவின் ஏ, பி இருவரையும் ஒரே மேட்சில் ஒரே ஆள் சாய்ப்பது லேசில் நடக்கிற காரியமா? இருந்தும் ஜப்பான் 2-3 என்று தோற்றது. மற்ற மூன்று ஆட்டத்திலும் ஜப்பானுக்கு எதுவும் கிடைக்கவில்லை. குறிப்பாக மூன்றாவது ஆட்டம். சீனா அங்கே நிறுத்தியிருந்தவர் மா லாங். ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தை இரண்டு முறை வாங்கியவர், 34 வயதை எட்டிக்கொண்டிருந்தவர். அவரை மூன்றாவது ஆளாக வைக்க முடிகிற அணியிடம் எதிரணி மூன்றாவது புள்ளியை எங்கே போய்த் தேடும்?

சீனா 2001 முதல் 2024 வரை நடந்த பதினோரு உலக அணிப் போட்டிகளிலும் ஆண்கள் பட்டத்தை விடாமல் வாங்கியது. மொத்தம் 23 பட்டம். இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் சீனாவின் முதல்நிலை ஆட்டக்காரர் பெரிய ஆள் என்பது. ஆனால் முதல்நிலை ஆட்டக்காரர்கள் அவ்வப்போது தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒற்றையர் போட்டிகளில் வெளிநாட்டுக்காரர்கள் அவர்களை வெல்வதும் உண்டு. ஒரே மேட்சில் மூன்று முறை வெல்வதுதான் முடியவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், இது நானே போட்ட எளிய கணக்கு. ஒரு அணியில் ஒரு மகா நட்சத்திரம், அவர் தன் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்று ஆட்டத்தில் ஒவ்வொன்றிலும் அந்த அணிக்கு மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. மூன்றிலும் தோற்கும் வாய்ப்பு 27-க்கு 8. அதாவது சுமார் 30 சதவீதம். ஆக அந்த அணி ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நட்சத்திரம் ஒரே ஒரு ஆட்டத்தில் சறுக்கினால், மற்ற மூன்றில் இரண்டை எடுத்தாக வேண்டும். அந்த வாய்ப்பு 27-க்கு 7 மட்டுமே. ஒரு சறுக்கலில் 70 சதவீதம் 26 ஆகிவிடுகிறது. மூன்று பேரும் சமமாக ஆடும் அணிக்கு இந்தப் பயம் இல்லை.

முன்பு முறையே வேறு. சேலத்தில் வயதான டி.டி. ஆட்டக்காரர்கள் சிலர் இன்னமும் ஆண்கள் அணிப் போட்டியை "ஸ்வேத்லிங் கோப்பை" என்றுதான் சொல்வார்கள், பெயர் சரிதான், கோப்பைக்கு இன்றும் அதுதான் பெயர். அவர்கள் பார்த்த முறையில் ஒன்பது ஆட்டம். மூன்று பேரும் எதிரணியின் மூன்று பேரோடும் மோத வேண்டும், முதலில் ஐந்து ஜெயித்தவர்களுக்கு மேட்ச். மூன்றாவது ஆளுக்கும் முதல் ஆளுக்கும் ஒரே சுமை. நட்சத்திரம் மூன்று புள்ளி கொடுத்தாலும் மற்ற இருவரிடமிருந்து இரண்டு வர வேண்டும். மேலே போட்ட அதே கணக்கை இதற்குப் போட்டால் வாய்ப்பு சுமார் 65 சதவீதமாக இறங்குகிறது. மேட்ச் நீண்டுகொண்டே போகும், தொலைக்காட்சிக்கு ஒத்துவராது. 1989-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஸ்வீடன் சீனாவை 5-0 என்று கவிழ்த்ததற்குப் பிறகு வந்த போட்டிகளில் ஐந்து ஆட்ட முறை வந்துவிட்டது. அன்றைய ஸ்வீடனுக்கு வால்ட்னர், பெர்சன், அப்பெல்கிரென் என்று மூன்று பேர், மூவரையும் எந்த வரிசையில் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

ஒன்பது ஆட்ட முறையில் ஒரு நட்சத்திரம் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த உதாரணம் 1952 பம்பாய். ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அது. ஜப்பானின் ஹிரோஜி சத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். அதுவரை பேட்டில் பந்து படுகிற சத்தத்தை வைத்தே வேகத்தைக் கணித்துக்கொண்டிருந்த ஐரோப்பியர்களுக்கு, சத்தமில்லாமல் வரும் பந்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சத்தோ ஒற்றையர் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். ஆனால் ஆண்கள் அணிக் கோப்பை? அது ஹங்கேரிக்குப் போனது. ஜப்பான் அந்தக் கோப்பையை வாங்க 1954 வரை காத்திருந்தது. வாங்க ஆரம்பித்த பிறகு தொடர்ந்து ஐந்து முறை வாங்கியது வேறு கதை.

கோப்பையின் பிறப்பே சுவாரசியமானது, நம்மோடும் தொடர்புள்ளது. 1926 டிசம்பரில் லண்டனில் முதல் போட்டி. ஏற்பாடு செய்த ஐவர் (Ivor) மாண்டேகுவுக்கு அப்போது வயது 22. புதிதாகத் தொடங்கிய சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் முதல் தலைவர் அவர்தான், 1967 வரை அந்தப் பதவியில் இருந்தார். பணக்காரப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் கம்யூனிஸ்ட், சினிமாத் தயாரிப்பாளர் வேறு. கோப்பையைக் கொடுத்தவர் அவருடைய அம்மா, ஸ்வேத்லிங் பிரபுவின் மனைவி. ஐவர் மாண்டேகுவின் சித்தப்பா எட்வின் மாண்டேகு, பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகு அவரே. அதாவது 1919-ஆம் ஆண்டின் இரட்டையாட்சிச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்தவரின் அண்ணிதான் டேபிள் டென்னிஸ் கோப்பையைக் கொடுத்தவர். அந்த மாண்டேகு இந்தியா வந்து சீர்திருத்தத்துக்காக ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. விஷயத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் சேலத்துக்காரனுக்குச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இந்தியாவுக்கு நேரடிச் சம்பந்தமே உண்டு. 1926 லண்டன் போட்டியை ஐரோப்பிய சாம்பியன்ஷிப் என்றுதான் முதலில் திட்டமிட்டார்கள். லண்டனில் இருந்த இந்திய மாணவர்கள் நாங்களும் ஆடுகிறோம் என்று வந்து நின்றதால் அதை ஐரோப்பிய என்று சொல்ல முடியாமல் போனது, உலக சாம்பியன்ஷிப் ஆயிற்று. சம்மேளனத்தைத் தொடங்கிய ஒன்பது நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சீனா அந்தப் பட்டியலில் இல்லை. முதல் கோப்பை ஹங்கேரிக்கு. மொத்தம் 12 முறை அது ஹங்கேரிக்குப் போனது, கடைசியாக 1979-இல் பியோங்யாங்கில் ஜோனியர், கெர்கெலி, கிளம்பார் மூவரும் சீனாவை வென்றபோது. அங்கேயும் பாருங்கள், மூன்று பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடையில் 1936 பிராகில் நடந்த கூத்து ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அணிப் போட்டியில் போலந்தின் எர்லிச்சும் ருமேனியாவின் பானெத்தும் ஆடிய ஆட்டத்தில் முதல் புள்ளி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருவரும் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்புறம்தான் வலையின் உயரத்தைக் குறைத்து, மேட்ச் இழுத்துக்கொண்டே போகாமல் இருக்க நேரக் கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள். இன்றைய வலை 15.25 சென்டிமீட்டர்.

மூன்றாவது இடத்தைத் திட்டமிட்டே ஆயுதமாக ஆக்கியது 1995 தியான்ஜின். 1989, 1991, 1993 என்று மூன்று முறை ஸ்வீடனிடம் கோப்பையை விட்டிருந்த சீனா சொந்த மண்ணில் இறுதிக்கு வந்தது. அன்று டிங் சோங் என்ற ஆட்டக்காரரை மூன்றாவது ஆட்டத்தில் இறக்கியது. அவர் அடிப்படையில் சாப் ஆடுகிறவர், பின்னால் போய் வெட்டிவிடுகிறவர், ஆனால் சட்டென்று முன்னால் வந்து அடித்தும் விடுவார். ஸ்வீடன்காரர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். பீட்டர் கார்ல்சனை அவர் வென்றார், சீனா 3-2 என்று ஜெயித்தது. ஏ, பி இடத்தில் டிங் சோங்கை வைத்திருந்தால் வால்ட்னரையும் பெர்சனையும் பார்க்க வேண்டியிருந்திருக்கும், ஆட்டத்தின் புதுமை முதல் ஆட்டத்திலேயே செலவாகிவிட்டிருக்கும். சி இடத்தில் வைத்ததால் எதிரே வரக்கூடியவர் ஒரே ஒருவர்தான். சீட்டாட்டத்தில் துருப்பை எப்போது இறக்குவது என்று யோசிப்பது போன்றதுதான் கேப்டன் வேலையும்.

ஸ்வீடன் சும்மா இருக்கவில்லை. 2000-இல் கோலாலம்பூரில் முப்பதைத் தாண்டிய வால்ட்னரும் பெர்சனும் சீனாவை 3-2 என்று மீண்டும் சாய்த்தார்கள். 2024 வரை பார்த்தால், சீனா அணிப் பட்டத்தைக் கடைசியாகத் தவறவிட்டது அன்றுதான்.

மூன்றாவது ஆளுக்கு ஒரே ஆட்டம், அதனால் அவருக்கு வேலை குறைவு என்று நினைப்பது தவறு. அவர் முதல் இரண்டு ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த இரண்டும் எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. சீக்கிரம் வார்ம்-அப் செய்தால் உடம்பு ஆறிவிடும், தாமதமாகச் செய்தால் தயாராவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். மேசையில் பந்தைத் தட்டிப் பார்க்கக் கிடைப்பது இரண்டு நிமிடம். முதல் ஆள் தோற்றால் அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளலாம், மூன்றாமவருக்கு அந்த வசதி கிடையாது.

இதில் அரங்கின் சூழலும் சேர்ந்துகொள்கிறது. சேலத்தில் ஆடுகிறவர்களுக்கு இது தனியாகச் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் ஹாலின் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஆட வேண்டும், 2.7 கிராம் பந்து கொஞ்சம் காற்றடித்தாலும் போக்கு மாறிவிடும். வியர்வை கைப்பிடியில் இறங்கும், பந்தில் பட்டால் பேட்டின் ரப்பர் வழுக்கும். அதே ஆட்கள் ஏற்காடு போய் ஏதாவது விடுதிப் பள்ளி ஹாலில் ஆடினால் வேறு தொல்லை. ஃபேன் தேவையில்லை, ஆனால் பனி இறங்கினால் ரப்பரில் ஈரம் படியும், ஸ்பின் பிடிக்காது. அதோடு ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. டாப் ஸ்பின், அதாவது முன்னோக்கிச் சுழலும் பந்தைக் கீழே வளைப்பது காற்றுதான், காற்று லேசானால் பந்து அவ்வளவு வளையாது. சேலத்தில் சரியாக விழுகிற லூப் என்ற சுழல் அடி ஏற்காட்டில் மேசையைத் தாண்டிப் போகும். சர்வதேச அணிகள் சில நாள் முன்னதாகவே வந்து அரங்கைப் பழகிக்கொள்வது இதனால்தான். இரண்டு ஆட்டம் ஆடுகிறவர் முதல் ஆட்டத்திலேயே சூழலைப் பிடித்துக்கொள்வார். மூன்றாமவருக்கு அதற்கும் நேரமில்லை.

சரி, இந்தியாவின் மூன்றாவது புள்ளிக்கு வருவோம். சரத் கமல் என்ற ஒருவர் இருபது ஆண்டுக்கு மேல் இந்திய அணிக்கு முதல் இரண்டு புள்ளியைக் கொடுக்க முயன்றுகொண்டிருந்தார். பத்து முறை தேசிய சாம்பியன், 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த சர்வதேசப் போட்டியோடு விடைபெற்றார். அவருக்குப் பக்கத்தில் நம்பகமான இரண்டாவது, மூன்றாவது ஆள் சேர்ந்த பிறகுதான் அணிப் பதக்கங்கள் வரிசையாக வந்தன. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் தங்கம், அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2022 பர்மிங்காமில் மறுபடி தங்கம். ஜகார்த்தா வெண்கலம் ஆசிய விளையாட்டு டேபிள் டென்னிஸில் இந்தியாவின் முதல் பதக்கம். காலிறுதியில் வென்றது ஜப்பானை. சரத் 2006-லேயே காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வாங்கியவர். ஆசிய அணிப் பதக்கத்துக்கு அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.

உலக அளவில் இன்னும் அந்த ஒரு புள்ளி தட்டுகிறது. 2024 பூசானில் ஆண்கள் அணி கடைசி 16 வரை போய்த் தென் கொரியாவிடம் 0-3 என்று தோற்றது. அதே பூசானில், இதே முறையில் ஆடப்படும் பெண்கள் பிரிவில் நடந்ததை மறக்க முடியாது. அய்ஹிகா முகர்ஜி அப்போதைய உலக முதல்நிலை ஆட்டக்காரர் சுன் யிங்ஷாவை வென்றார், ஸ்ரீஜா அகுலா வாங் யிதியை வென்றார், சீனா 1-2 என்று பின்தங்கி நின்றது. இரண்டு புள்ளி கையில். கடைசி இரண்டு ஆட்டத்தில் ஒன்று போதும். அது வரவில்லை, 2-3.

இந்த இடத்தில்தான் சேலம் போன்ற ஊர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு டேபிள் டென்னிஸ் என்றால் பெரும்பாலும் சென்னைதான். சரத், சத்தியன், அந்தோணி அமல்ராஜ் என்று உச்சத்துக்குப் போனவர்கள் அங்கே ஆடி வளர்ந்தவர்கள். நல்ல கோச், தினமும் ஆடத் தன்னைவிடச் சிறந்த எதிராளி, அப்புறம் எண்ணெய் நிறுவன வேலை, எல்லாம் அங்கே இருக்கிறது. சேலத்தில் திறமையான பையன் ஒருவன் தென்பட்டால், மேலே போக வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏறு என்பதுதான் நாம் சொல்லும் ஒரே வழி. ஒருவன் போகிறான். அவனோடு ஆடி ஆடி அவனை வளர்த்த இன்னும் இரண்டு பேர் இங்கேயே இருந்து, பிளஸ் டூவோடு பேட்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

நம் போட்டிகளின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. உள்ளூரில் பெரும்பாலும் நடப்பது ஒற்றையர் நாக்-அவுட். காலை ஒன்பது மணிக்கு முதல் சுற்றில் நம்பர் ஒன் பையனோடு மாட்டினால் பதினைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது, அப்பா ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். ஊரின் மூன்றாவது, நான்காவது ஆட்டக்காரர்களுக்கு வருஷத்தில் கிடைக்கும் நெருக்கடியான மேட்ச்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்குப் பள்ளி, கல்லூரிக்குக் கல்லூரி அணிப் போட்டி வைத்தால் ஒவ்வொரு அணியும் மூன்று பேரைத் தயார்செய்தே ஆக வேண்டும். லீக் முறையில் வைத்தால் மூன்றாவது பையனுக்கும் ஒரே நாளில் நான்கைந்து ஆட்டம் கிடைக்கும், அதுவும் தன் ஆட்டத்தை நம்பி அணி காத்திருக்கிற ஆட்டம்.

ஆனால் அதற்கு முன் ஒரு எண்ணம் மாற வேண்டும். இங்கே கல்லூரி அணியில் "மூணாவது ஆளா போட்டுட்டாங்க" என்றால் அது ஒரு அவமானம். கேப்டன் தன் நண்பனை சி இடத்தில் எழுதத் தயங்குவான், எழுதினால் இரண்டு நாள் பேச்சு நின்றுவிடும். அதனால் தரவரிசைப்படி ஏ, பி, சி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எதிரணியும் அப்படியே எழுதுகிறது. அவர்களுடைய மூன்றாவது ஆள் பலவீனம் என்று தெரிந்தால், நம் இரண்டாவது ஆளை சி-க்கு இறக்கி அந்த ஒரு புள்ளியை உறுதிசெய்துகொண்டு, மற்ற நான்கில் இரண்டைத் தேடலாம். இந்த யோசனையைச் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டுக் கோச் தேவையில்லை, மேட்ச் தொடங்கும் முன் ஒரு காகிதமும் பத்து நிமிடமும் போதும்.

இதற்கெல்லாம் காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒலிம்பிக்கில் 2008 பெய்ஜிங் முதல் இருந்த ஆண்கள் அணிப் பிரிவு 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் இல்லை. அதற்குப் பதிலாக ஆண்களும் பெண்களும் சேர்ந்த கலப்பு அணிப் பிரிவு வருகிறது, பழைய இரட்டையர் பிரிவுகளும் திரும்புகின்றன. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் பட்டியலிலிருந்து டேபிள் டென்னிஸே நீக்கப்பட்டது. நூற்றாண்டுப் போட்டி என்பதால் 2026 உலக அணிப் போட்டி லண்டனுக்கே ஒதுக்கப்பட்டது. கோப்பை பிறந்த ஊர். ஆனால் பதக்கக் கணக்குப் பார்க்கிற அரசுகளும் சம்மேளனங்களும் இனி இரட்டையர் ஜோடிக்கும் கலப்பு அணிக்கும்தான் பணத்தை ஒதுக்கப் பார்க்கும். அணியில் மூன்றாவதாக இருக்கும் ஆண் ஆட்டக்காரருக்கு ஒலிம்பிக்கில் ஆண்கள் அணிப் பிரிவு இல்லாமல் போகிறது, அவருக்கு மிச்சம் இருப்பது உலக அணிப் போட்டியும் ஆசியப் போட்டிகளும். மானவ் தக்கர் போன்றவர்கள் இப்போது ஒற்றையரில் முன்னேறிக்கொண்டும், மானுஷ் ஷாவோடு ஜோடி சேர்ந்து இரட்டையரில் ஆடிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் ஏ, பி இடத்துக்கு ஏறிவிட்டால், செங்டுவில் மானவ் நின்ற இடத்தில் நிற்க அடுத்த ஆளைத் தேடியாக வேண்டும். அந்தத் தேடல் சென்னை, சூரத், கொல்கத்தாவைத் தாண்டி மாவட்டங்களுக்கு வருமா என்பது தேர்வுக்குழுவின் கையில் மட்டும் இல்லை, நாம் இங்கே எத்தனை அணிப் போட்டி நடத்துகிறோம் என்பதையும் பொறுத்தது.